வயரிங் புதுசு... ஆனால் ஆயில் மீட்டர் ஜீரோ காட்டுதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

பழைய காருக்குப் புது வயரிங் போட்டு, சாவியைத் திருகி, வண்டி ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. ஆனால் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் மட்டும் ஜீரோவிலேயே படுத்திருக்கிறது. இல்லையென்றால் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது என்ன செய்வது? வண்டியை எடுக்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்கு ஒர்க் ஷாப்பில் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "வயரிங்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன் சார், மீட்டரைப் பார்க்காதீங்க, ஓட்டுங்க" என்பது ஒன்று. "பிரஷர் இல்ல சார், இன்ஜினை இறக்கணும்" என்பது இன்னொன்று. முதல் பதில் தப்பாக இருந்தால் இன்ஜின் போகும். இரண்டாவது தப்பாக இருந்தால் பணம் போகும். இரண்டுமே அளந்து பார்க்காமல் சொல்லும் பதில்கள் என்பதுதான் சிக்கல்.

எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது சுலபமாகப் புரியும். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானதே, அதே அம்பாசடர். 2014-ல் தயாரிப்பு நின்ற பிறகும் அவர் விற்க மறுத்துவிட்டார். டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஓர் ஆயில் பிரஷர் மீட்டர் வாங்கி மாட்டியிருந்தார். வயர்களின் ரப்பர் எல்லாம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்ததால் மொத்த வயரிங்கையும் மாற்றி, கையோடு பெயின்ட்டும் அடிக்கக் கொடுத்தார். வண்டி வந்தது. ஆயில் முள் எழுந்திருக்கவே இல்லை. ஒர்க் ஷாப்பில், "வண்டி ரொம்ப நாள் நின்னுச்சுல்ல, பேரிங் தேஞ்சிருக்கும். இன்ஜினை இறக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த இன்ஜினுக்கு உண்மையில் என்ன ஆகியிருந்தது என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

ஆயில் பிரஷர் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட், பேரிங்கை நேரடியாகத் தொட்டபடி சுற்றுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. ஆயில் பம்ப் அழுத்தத்தோடு ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அந்தப் படலம் நிற்கும். அழுத்தம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங் உருகி ஒட்டிக்கொள்ள மணிக்கணக்கு ஆகாது, சில நிமிடங்களே போதும்.

எவ்வளவு இருக்க வேண்டும்? பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ. சில மீட்டர்களில் பார் என்ற அளவு இருக்கும். 1 பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ. காலையில் குளிர்ந்த இன்ஜினில் முள் நன்றாக ஏறி நிற்பதும், சூடானதும் ஐட்லிங்கில் இறங்குவதும் இயல்புதான். உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

மீட்டர் ஆயிலைப் பார்ப்பதே இல்லை!

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எலெக்ட்ரிக் மீட்டருக்கு ஆயில் என்றால் என்னவென்றே தெரியாது. இன்ஜினில் திருகியிருக்கும் சென்சார்தான் ஆயில் அழுத்தத்துக்கு ஏற்ப தன் மின்தடையை மாற்றுகிறது. மீட்டர் அந்த மின்தடையை அளந்து முள்ளை நகர்த்துகிறது. மின்சாரம் சாவியிலிருந்து மீட்டருக்கு வந்து, அங்கிருந்து ஒரே ஒயரில் சென்சாருக்குப் போய், சென்சாரின் உடம்பு வழியாக இன்ஜினுக்குள் இறங்கி, எர்த் வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பாதையில் எங்கே தடை வந்தாலும் மீட்டர் அதை ஆயில் அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். வயரிங்கை மாற்றும்போது நாம் கை வைப்பது சரியாக இந்தப் பாதையில்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய கார்களில் இருப்பது மெக்கானிக்கல் மீட்டர். இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயிலே நேராக மீட்டர் வரை வரும். அதில் லைட் பல்புக்கான ஒயர் தவிர வேறு ஒயர் கிடையாது. அந்த மீட்டர் ஜீரோ காட்டினால் வயரிங் மேல் பழி போட முடியாது. டேஷ்போர்டைக் கழற்றும்போது குழாய் மடங்கியதா, நட் லூஸாகிக் கசிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விஷயம் சீரியஸ்.

முதல் வேலை: வண்டியை நிறுத்துங்க

முள் ஜீரோவில் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஃப். "வயரிங்தானே" என்று ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கும் வேலை வேண்டாம். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்தும் பாருங்கள். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயில் தண்ணீராகிவிடும். அப்போது அழுத்தம் நிஜமாகவே இறங்கும்.

அடுத்தது, எந்தச் சந்தேகத்துக்கும் தீர்ப்பு சொல்லும் சோதனை. சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் டெஸ்ட் மீட்டரைத் திருகி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. நல்ல மெக்கானிக் கையில் இந்த மீட்டர் இருக்கும். மரையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் சரியான அடாப்டர் வேண்டும். இரண்டு சுற்று போய் இறுகினால் பலம் கொடுத்து முறுக்காதீர்கள், பிளாக்கில் மரை போய்விட்டால் அது தனித் தலைவலி. ஸ்டார்ட் செய்து பத்து விநாடிக்குள் டெஸ்ட் மீட்டரில் அழுத்தம் ஏறவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிரச்சினை இன்ஜினில் என்று உறுதியாகிவிட்டது. ஏறினால், நன்றாகச் சூடாகும் வரை விட்டு, ஐட்லிங்கிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் எவ்வளவு என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் எலெக்ட்ரிக் மீட்டர் உண்மை பேசுகிறதா என்று ஒப்பிட அந்த இரண்டு எண்களும் வேண்டும்.

பெரியப்பா காருக்கு இந்தச் சோதனையைச் செய்தது பக்கத்து ஊரிலிருந்து வந்த வேறொரு மெக்கானிக். டெஸ்ட் மீட்டரில் அழுத்தம் ஜம்மென்று ஏறி நின்றது. "இன்ஜின் கிண்ணுன்னு இருக்கு ஐயா, யாரு இறக்கச் சொன்னது?" என்றாராம். அப்படியென்றால் முள் ஏன் எழவில்லை?

எர்த்... எர்த்... எர்த்!

அவர் வாங்கி மாட்டிய மீட்டரோடு வந்த சென்சார் ஒரு சின்ன டப்பா அளவு பெரியது. இன்ஜினில் நேரடியாக மாட்டினால் அதிர்வில் மரையிலேயே உடையும் என்று, ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக ஆயிலைக் கொண்டுவந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் ஒரு பிராக்கெட் வைத்து மாட்டியிருந்தார்கள். பலரும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் ரப்பர் ஹோஸ் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் சென்சாரின் உடம்பிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தனியாக எர்த்துக்குப் போயிருந்தது. புது வயரிங் போட்டவர் அது ஏதோ உபரி ஒயர் என்று வெட்டிப் போட்டுவிட்டார். பிராக்கெட்டாவது எர்த் கொடுத்திருக்குமா என்றால், அதற்குக் கீழே புதுப் பெயின்ட் கனமாகப் படிந்திருந்தது. பாதை முழுசாக அடைபட்டுவிட்டது. ஒரு அடி ஒயரும் பெயின்ட் சுரண்டிய ஒரு போல்ட்டும் போட்டதும் முள் எழுந்து நின்றது. இதற்குத்தான் இன்ஜினை இறக்கச் சொன்னார்கள்.

சென்சார் நேரடியாக இன்ஜினில் மாட்டப்பட்டிருந்தாலும் எர்த் பிரச்சினை வரும். கசியக் கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்தால், சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவில் அது தடையாக நிற்கலாம். மரை இறுகும்போது டேப் கிழிந்து உலோகம் தொட்டுவிடும் என்பது உண்மைதான், ஆனால் எப்போதும் அல்ல. தேவைப்பட்டால் சீலன்ட்டைக் கொஞ்சமாகத் தடவுங்கள்.

அப்புறம் இன்ஜின் எர்த். இன்ஜின் ரப்பர் மவுன்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தடித்த பின்னல் பட்டை கட்டாயம் வேண்டும். அதைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கினால், அல்லது மாட்ட மறந்தே போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அவ்வளவு கரன்ட்டும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, சோக் கேபிள் சுடுகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். இப்படிப்பட்ட வண்டியில் ஆயில் முள் முழுசாக ஜீரோ ஆகாது, நிலையில்லாமல் ஆடும்.

முள்ளின் ஆட்டத்தைக் கவனித்தாலே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறதா? இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் துடிக்கிறதா? அப்படியானால் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேஷ்போர்டின் எர்த் ஒயரை விளக்குகளோடு சேர்ந்து பகிர்ந்துகொள்கிறது மீட்டர். அந்த எர்த் மெலிதாகவோ துருப்பிடித்தோ இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதைவிட மல்டிமீட்டர் மேல். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை

இதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். எல்லா சென்சாரும் ஒரே மாதிரி இல்லை. பரவலாகக் கிடைப்பவற்றில் ஒன்று ஐரோப்பிய வகை: அழுத்தம் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். இன்னொன்று அமெரிக்க வகை: அழுத்தம் இல்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும், நேர் எதிர்.

இதனால்தான் ஒரே கோளாறு இரண்டு வண்டிகளில் இரண்டு விதமாகத் தெரிகிறது. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சாரிலிருந்து மீட்டர் ஒயரைக் கழற்றுங்கள். ஐரோப்பிய வகை மீட்டரில் முள் கடைசிக்கு ஓடும், அமெரிக்க வகையில் ஜீரோவுக்குக் கீழே படுக்கும். அந்த ஒயரை ஒரு நொடி இன்ஜின் பிளாக்கில் தொட்டால் இரண்டும் தலைகீழாகும். தொடுவதற்கு முன் அது மீட்டர் ஒயர்தான், பேட்டரியிலிருந்து நேராக வரும் சப்ளை ஒயர் அல்ல என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பொறி பறக்கும். சந்தேகமாக இருந்தால் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்துத் தொடுவது பாதுகாப்பு. 

முள் இப்படி இரண்டு பக்கமும் ஒழுங்காக ஓடினால் மீட்டரும் ஒயரும் நல்லவை. குற்றவாளி சென்சார் அல்லது அதன் எர்த். ஒயரைக் கழற்றினாலும் தொட்டாலும் முள் அசையவே இல்லை என்றால் மீட்டருக்குச் சாவி வழியாக 12 வோல்ட் வருகிறதா, ஒயர் நடுவில் அறுந்திருக்கிறதா, எங்காவது பாடியில் நசுங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். தகட்டு ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை இழுத்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பிறகு சென்சாரையே அளங்கள். இன்ஜின் ஆஃபில், ஒயர் கழற்றிய நிலையில், சென்சார் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். அப்புறம் அதே முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது எகிறினால் சென்சார் நல்லது, எர்த் கெட்டது. பெரியப்பா காரில் இரண்டாவது அளவில் மல்டிமீட்டர் எண்ணே காட்டவில்லை.

முள் சொல்லும் சில விசித்திரங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் முள் இறங்குகிறது, காலை எடுத்தால் ஏறுகிறது. கேட்க காமெடியாக இருக்கும், ஆனால் இது ஐரோப்பிய சென்சாரை அமெரிக்க மீட்டரோடு, அல்லது அதற்கு எதிர்மாறாக, ஜோடி சேர்த்ததன் அடையாளம். வயரிங் வேலையின்போது "சென்சார் போயிடுச்சு" என்று கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டினால் இப்படி ஆகும். எவ்வளவு வயர் மாற்றினாலும் சரியாகாது. ஜோடியைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: இன்ஜின் ஆஃபில் முள் ஜீரோ, ஸ்டார்ட் செய்ததும் கடைசிக் கோடு. நடுவில் எங்கேயும் நிற்பதே இல்லை. சில சென்சார்களில் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று மீட்டருக்கு, அதில் 'ஜி' என்று இருக்கும். இன்னொன்று எச்சரிக்கை விளக்குக்கு, அதில் 'டபிள்யூகே' என்று இருக்கும். விளக்கு முனை என்பது வெறும் சுவிட்ச். அழுத்தம் இல்லாவிட்டால் எர்த்தைத் தொடும், வந்தால் விலகிக்கொள்ளும். மீட்டர் ஒயரை அங்கே மாட்டிவிட்டால் முள்ளுக்கு இரண்டே இடம்தான் தெரியும். ஒயர்களை இடம் மாற்றினால் வேலை முடிந்தது.

ஆயில் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால்? மூன்று சென்சாரும் ஒரே நாளில் சாகாது. பொதுவான சப்ளை அல்லது பொதுவான எர்த்தில்தான் கோளாறு. பல பழைய பிரிட்டிஷ் வழி கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு தீப்பெட்டி அளவு சமாச்சாரம் இருக்கும். 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் ஆக்கிப் பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களுக்கு அனுப்பும். அதன் கூடு எர்த்தைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். வயரிங் மாற்றியபோது அதை அந்தரத்தில் தொங்க விட்டிருந்தால் முழு 12 வோல்ட்டும் பாய்ந்து முள்கள் எல்லாம் உயரக் காட்டும். உங்கள் வண்டியில் ஆயில் மீட்டரும் இதன் வழியாகப் போகிறதா என்பதை அந்த வண்டியின் வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலிலும் அப்படி இல்லை.

விளக்கு எரியலைன்னா நல்லதுதானே?

இல்லை. மீட்டரே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும் கார்களில் இதுதான் பெரிய ஆபத்து. சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்யும் முன், அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் அணைய வேண்டும். புது வயரிங்குக்குப் பிறகு விளக்கு எரிவதே இல்லை என்றால் பல்ப் போயிருக்கிறது அல்லது ஒயரே மாட்டவில்லை. நாளைக்கு ஆயில் மொத்தமும் கொட்டினாலும் அது எரியப்போவதில்லை, நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

விளக்கு அணையவே மாட்டேன் என்கிறதா? இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். அப்படியும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் ஷார்ட் ஆகிறது. அணைந்தால் ஒயர் நல்லது. மீதி இருப்பது சுவிட்ச் அல்லது நிஜமான அழுத்தக் குறைவு. எது என்று சொல்ல மறுபடியும் அந்த டெஸ்ட் மீட்டர்தான் வேண்டும். இந்தச் சுவிட்ச் சில பிஎஸ்ஐ அளவிலேயே விலகிவிடும் என்பதால், விளக்கு அணைந்தது என்றால் அழுத்தம் போதுமானது என்று அர்த்தமில்லை, ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நிஜமாகவே அழுத்தம் இல்லாவிட்டால்?

வயரிங் வேலைக்குப் பிறகு நிஜமான அழுத்தக் குறைவு வருவதும் நடக்கும். வயரிங் இன்ஜினைக் கெடுப்பதில்லை. வேலைக்காக வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது பாருங்கள், அப்போது பம்பிலும் குழாய்களிலும் இருந்த ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். கையோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் பம்ப் காற்றை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் நீண்ட நாள் நின்ற வண்டியை நேராக ஸ்டார்ட் செய்யாமல், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயிலுக்குப் போகும் ஒயரை எடுத்துவிட்டு, செல்ஃபை விட்டுவிட்டு அடித்து, விளக்கு அணைகிறதா அல்லது முள் எழுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிளக் இல்லாததால் இன்ஜினுக்குச் சுமை குறைவு, பேரிங்குக்கு அடி இல்லை.

அதிலும் ஏறவில்லை, டெஸ்ட் மீட்டரிலும் ஏறவில்லை என்றால் பம்ப், பிரஷர் ரிலீஃப் வால்வு, சம்ப்புக்குள் இருக்கும் வலை, பேரிங் தேய்மானம் என்று மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அப்போது சம்ப்பைக் கழற்றச் சொன்னால் அதற்கு ஆதாரம் இருக்கிறது.

டெலிவரி எடுக்கும் முன்

எலெக்ட்ரீஷியனிடம் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அவர் எதிரிலேயே சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆயில் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா, ரேஸ் செய்தால் முள் ஏறுகிறதா, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் போட்டால் முள் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது. பழைய வயரிங்கைக் கழற்றும் முன் சென்சார் பக்கம், டேஷ்போர்டின் பின்பக்கம், எர்த் போல்ட்டுகள் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பெரியப்பாவிடம் அப்படி ஒரு போட்டோ இருந்தது, கார் முன்னால் நின்று பேரனோடு எடுத்தது. பானட் திறந்திருந்ததால் பின்னால் அந்தக் கறுப்பு ஒயர் லேசாகத் தெரிந்தது. அந்த மெக்கானிக் அதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான், "இங்க ஒரு ஒயர் இருந்திருக்கே ஐயா, இப்ப எங்க?" என்று கேட்டார்.